ரெய்டு 5: வீட்டுக் கணினியில் எழுதும் வேகத்தை அளந்த விதம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டுக் கணினி. லினக்ஸ், 16 ஜிபி ரேம், எம்டிஅட்ம் (mdadm) என்ற கருவி கொண்டு நான்கு 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க்குகளில் கட்டிய ரெய்டு 5. டேட்டாவைப் பல டிஸ்க்குகளில் பிரித்து வைத்து, ஒரு டிஸ்க் போனாலும் மீட்க உதவும் பாரிட்டி என்ற கணக்கையும் கூடவே எழுதி வைக்கும் முறை இது. கட்டிய கையோடு அளக்கக்கூடாது. ரீசிங்க், அதாவது பாரிட்டியை முதல்முறை நிரப்பும் வேலை, ஓடும்வரை டிஸ்க்குகளுக்கு ஓய்வில்லை. ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டில் (/proc/mdstat) அந்த வேலையின் சதவீத வரி மறைந்த பிறகே தொடங்கினோம்.

பெரிய ஃபைலைக் காப்பி செய்து வேகம் பார்ப்பது வீண். முதலில் நிரம்புவது ரேம்தான். திரையில் ஓடும் எண் அதனுடையது. காப்பி செய்யும் டிடி (dd) கட்டளையும், டிஸ்க்கில் எழுதி முடிக்கும்வரை காத்திருக்கச் சொல்லும் எஃப்டேட்டாசிங்க் (fdatasync) சேர்க்காவிட்டால் அப்படியே. சுருக்கி எழுதும் ஃபைல் சிஸ்டமாக இருந்தால் டிடி தரும் பூஜ்யங்கள் அநேகமாக டிஸ்க்கைத் தொடுவதே இல்லை. அதனால் எஃப்ஐஓ (fio) என்ற அளவைக் கருவி: டைரக்ட் 1 (ரேம் கேஷைத் தவிர்த்து எழுத), டெஸ்ட் ஃபைல் 32 ஜிபி, ஓட்டம் 5 நிமிடம். ஃபைல் பெயர் வரும் இடத்தில் எம்டி0 (/dev/md0) என்று ரெய்டு சாதனத்தையே கொடுத்தால் உள்ளே உள்ள அத்தனையும் அழியும். எண்டர் தட்டுமுன் இன்னொரு முறை பாருங்கள்.

தொடர் எழுத்துக்கு பிளாக் அளவு 1536 கேபி. சங்க், அதாவது ஒரு டிஸ்க்கில் ஒரு தடவை போகும் துண்டு, 512 கேபி; நான்கில் ஒன்று பாரிட்டிக்குப் போக டேட்டா பங்கு மூன்று. முழு ஸ்ட்ரைப்பாக (எல்லா டிஸ்க்குகளிலும் ஒரு வரிசைத் துண்டுகளாக) வந்தால் பழையதைப் படிக்காமலே பாரிட்டி போட்டுவிடலாம். வேகம் போதாவிட்டால் ஸ்ட்ரைப்புகளை ரேமில் சேர்த்து வைக்கும் ஸ்ட்ரைப் கேஷை 256-இலிருந்து 4096 ஆக்கலாம். 64 எம்பி ரேம் செலவாகும்.

ரெய்டின் குணம் தெரிவது 4 கேபி ரேண்டம் எழுத்தில்தான். பழைய டேட்டா, பழைய பாரிட்டி இரண்டையும் படித்து, புதியவை இரண்டையும் எழுத வேண்டும்: ஓர் எழுத்துக்கு நான்கு வேலை. ஒரு டிஸ்க் விநாடிக்குச் சுமார் 80 வேலை தாங்கும். நான்குக்கு 320, நான்கால் வகுத்தால் மீண்டும் 80. விநாடிக்கு வெறும் 320 கேபி! கேஷ் இதைக் கொஞ்சம் கூட்டிக் காட்டும், அவ்வளவே. டேட்டாபேஸ், விர்ச்சுவல் மெஷின் வைப்பவர்களுக்கு பாரிட்டி இல்லாமல் ஒவ்வொன்றையும் இரண்டு டிஸ்க்கில் எழுதும் ரெய்டு 10 நல்லது. அதில் ஓர் எழுத்துக்கு இரண்டே வேலை.

நன்றாக ஓடிய வேகம் சில நிமிடங்களில் சரிந்தால் டிஸ்க் ஷிங்கிள்டு (தடங்களை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படிய எழுதும் எஸ்எம்ஆர்) வகையா என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். விட்டுவிட்டுச் சரிந்தால் டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல்லில் (smartctl) 199 என்ற எண் கொண்ட வரியைப் பாருங்கள். அதில் வரும் சிஆர்சி பிழை (டேட்டா வழியில் சிதைந்ததன் எண்ணிக்கை) ஏறிக்கொண்டே போனால் கோளாறு பெரும்பாலும் கேபிளில். உப்புக்காற்று அடிக்கும் ஊரில் சாட்டா முனைகளையும் சந்தேகப்பட வேண்டும்.

கடைசியாக, எச்டிபார்ம் (hdparm) கட்டளை வழியே, எழுத வேண்டியதை டிஸ்க்குக்குள்ளேயே தற்காலிகமாகத் தாங்கும் எழுத்துக் கேஷை அணைத்து மறுபடி அளந்தோம். 2011-இல் தானே புயலுக்குப் பின் நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர் இது. கரண்ட் போனால் கேஷில் இருப்பது தொலையும்; யுபிஎஸ் இல்லாத வீட்டில் கேஷ் அணைத்த அளவையே நம்ப வேண்டும்.