வெடித்த குக்கரைக் கழுவாதீர்கள்

திருநெல்வேலியில் அம்மா பருப்பு வேகவைத்துக் கொண்டிருந்தபோது குக்கர் வெடித்து மூடி பறந்தது. கொதிக்கும் பருப்பு வலது கையில் மணிக்கட்டு முதல் முழங்கை வரை கொட்டிவிட்டது. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் சிகிச்சை. குக்கர் வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. நிறுவனத்தின் மீது நுகர்வோர் வழக்குப் போட்டு இழப்பீடு வாங்கினோம். இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

புகார் சொன்னதும் நிறுவனத்திலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்தார். பேச்சு தன்மையாகத்தான் இருந்தது. “கேஸ்கெட் வெளியில வாங்கிப் போட்டீங்களாம்மா? பருப்பை நிரம்பப் போட்டிருப்பீங்க. சரி, பரவாயில்ல, இதைக் குடுங்க, புதுசு தந்துடறோம்” என்றார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “நாப்பது வருசமா குக்கர்லதான் ஆக்குதேன், எனக்கு அளவு தெரியாதா?” என்று கேட்டார்.

அந்தக் குக்கரை நாங்கள் கொடுக்கவில்லை. வழக்கில் ஜெயித்ததற்கு முதல் காரணம் அதுதான் என்று உறுதியாகச் சொல்வேன். கொடுத்திருந்தால் சாட்சியே கைவிட்டுப் போயிருக்கும். வளைந்த மூடி, வெயிட், கேஸ்கெட், காய்ந்து ஒட்டியிருந்த பருப்பு எல்லாவற்றையும் அப்படியே படம் எடுத்து, துணியில் கட்டிப் பரணில் வைத்தோம். உள்ளே எவ்வளவு பருப்பு இருந்தது என்பதற்குப் பக்கவாட்டில் படிந்திருந்த கோடே அடையாளம். கழுவியிருந்தால் அது போயிருக்கும். பில், உத்தரவாத அட்டை, ஆஸ்பத்திரியில் கொடுத்த ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி, மருந்துச் சீட்டுகள் எல்லாம் ஒரே ஃபைலில்.

பில் என் பெயரில் இருந்தது. சென்னையில் நான் வாங்கி அனுப்பியது. அதனால் அம்மா வழக்குப் போட முடியுமா என்ற சந்தேகம் வந்தது. முடியும். வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான் என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. எங்கள் வக்கீல் இதற்கு ஒரு பழைய வழக்கைச் சொன்னார். 1928-இல் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊரில் மே டோனஹியூ என்ற பெண் குடித்த ஜிஞ்சர் பீர் பாட்டிலில் செத்த நத்தை கிடந்ததாக வழக்கு. பாட்டிலை வாங்கித் தந்தது தோழி. கடைக்காரரோடு டோனஹியூவுக்கு ஒப்பந்தமே கிடையாது. ஆனாலும் கடைசியில் பயன்படுத்துகிறவரிடம் தயாரிப்பாளருக்குக் கவனக் கடமை (கேடு வராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு) உண்டு என்று 1932-இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பின் வழியில் போனால் தயாரிப்பாளரின் கவனக்குறைவைக் காட்டியாக வேண்டும். நம் 2019 சட்டத்தின் 84-ஆம் பிரிவில் தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை இருந்தது என்று நிறுவினாலே போதும், தயாரிப்பாளர் பொறுப்பாவார். தொழிற்சாலையில் யார் எப்போது அசந்தார்கள் என்று ஒரு குடும்பத்தால் எப்படிக் கண்டுபிடிக்க முடியும்? எங்களைப் போன்றவர்களுக்கு இந்தப் பிரிவு பெரிய பலம்.

முதலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். ஒரு வரியில் மறுத்துப் பதில் வந்தது. அப்புறம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு. நிறுவனம் வேறு மாநிலத்தில் இருந்தாலும் அம்மா வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பொருளின் விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்து இரண்டு ஆண்டுக்குள் போட்டுவிட வேண்டும். வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடவும் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் உடம்பில் காயம்பட்ட வழக்குக்கு வக்கீல் வைப்பதே நல்லது என்பது என் கருத்து.

வாய்தா மேல் வாய்தா. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, பொறுமைதான் வேண்டும்.

நிறுவனத்தின் பதில் மனுவில் அதே பழி: தவறாகப் பயன்படுத்தினார்கள், போலி கேஸ்கெட் போட்டார்கள். பார்த்துச் சொல்ல முடியாத குறை என்றால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, 38-ஆம் பிரிவு. அதைக் கேட்டுத் தனியாக மனுப் போட்டோம். ஆய்வுக் கட்டணத்தை நாங்களே கட்டினோம். கட்டத் தயங்காதீர்கள். குக்கரை ஆணையத்தில் சீல் வைத்து அனுப்பினார்கள்.

வெயிட் இருக்கும் குழாயைப் பருப்புத் தோல் அடைப்பது எந்த வீட்டிலும் நடக்கும். அப்படி அடைத்தாலும் மூடி பறக்கக் கூடாது என்பதற்காகத்தான் சேஃப்டி வால்வ் இருக்கிறது. சூடு அளவு மீறினால் அதிலுள்ள உலோகம் உருகி நீராவிக்கு வழிவிட வேண்டும். எங்கள் குக்கரில் அது உருகவே இல்லை என்று அறிக்கை வந்தது. கேஸ்கெட்டும் அந்த நிறுவனத்தினுடையதுதான். அதைப் படித்துக் காட்டியபோது அம்மா பேசவில்லை, அழுதுவிட்டார். இத்தனை நாளும் தன் மேல்தான் தப்போ என்று உள்ளுக்குள் குமைந்திருக்கிறார்.

குக்கரின் விலை, மருத்துவச் செலவு, உடல் வேதனைக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு, வழக்குச் செலவு எல்லாவற்றையும் தரச்சொல்லி உத்தரவானது. மாநில ஆணையத்தில் அப்பீல் போக 45 நாள் அவகாசம். போவதென்றால் உத்தரவான தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அவர்கள் அப்பீலும் போகவில்லை, பணமும் தரவில்லை. உத்தரவை நிறைவேற்றித் தரக் கோரி மறுபடி மனுப் போட்டோம். உத்தரவை மதிக்காவிட்டால் சிறைத் தண்டனை வரை 72-ஆம் பிரிவில் இடமிருக்கிறது. நோட்டீஸ் போனதும் அம்மா பெயரில் டி.டி. வந்துவிட்டது.