ஒரு 'ஆனா'

"வேலையில குறையே இல்ல சார். ஆனா ஆளு எப்படின்னு சொல்ல முடியாது."

மேலாளர் அறையில் நான் சொன்னது இவ்வளவுதான். புதிய குழுவுக்கு என் பக்கத்து இருக்கைக்காரரை லீடாகப் போடலாமா என்று மேலாளர் கேட்டார். பொய் ஒன்றும் சொல்லவில்லை. பொறுப்பு வேறொருவருக்குப் போனது. அதற்கு வேறு காரணங்களும் இருந்திருக்கும் என்று எனக்கு நானே எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அந்த 'ஆனா' எங்கிருந்து வந்தது என்பதுதான் உறுத்துகிறது. மூன்று வருடமாகப் பக்கத்துப் பக்கத்து இருக்கை. வேலையைத் தவிர ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரும் பேச மாட்டார், நானும் பேச்சுக் கொடுத்ததில்லை. ஆனாலும் அவரைப் பற்றி எனக்கு ஏகப்பட்டது தெரிந்திருந்தது. பழைய இடத்தில் ஏதோ பிரச்சினை பண்ணிவிட்டு வந்தவர். வீட்டுக்காரரோடு சரியில்லை. மேலிடத்தில் போட்டுக் கொடுப்பவர். தலைக்கனம். இதையெல்லாம் முதலில் சொன்னவர்கள் "எனக்கென்னமோ அப்படித் தோணுது" என்றுதான் ஆரம்பித்தார்கள். அடுத்த வாரம் அதே கதை "விஷயம் தெரியுமா?" என்று திரும்பி வந்தது. நடுவில் யாரும் போய் விசாரிக்கவில்லை.

1950-இல் ஹரால்ட் கெல்லி என்ற உளவியலாளர் செய்த சோதனையைப் பற்றிப் பிறகுதான் படித்தேன். வகுப்புக்கு வரப்போகிற புது ஆசிரியரைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு சிறு குறிப்பு கொடுத்தார். சிலருக்குத் தந்ததில் அவர் மிகவும் அன்பானவர் என்றிருந்தது, மற்றவர்களுக்குச் சற்று ஒட்டாதவர் என்றிருந்தது. மீதிக் குறிப்பெல்லாம் ஒன்றே. ஒரே ஆள், ஒரே வகுப்பு. முதல் குறிப்பைப் படித்தவர்களில் 56 சதவீதம் பேர் கலந்துரையாடலில் வாய் திறந்தார்கள். இரண்டாவதைப் படித்தவர்களில் 32 சதவீதம் பேர்தான். நாங்கள் பேசாததால்தான் அவர் பேசாதவர் ஆனாரோ என்று அன்று வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

அவருக்குப் போன் வந்தால் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய்விடுவார். கடன் என்றார்கள், வேறு வேலை தேடுகிறார் என்றார்கள். மேலாளர் கேட்டு ஒரு மாதம் இருக்கும், லிஃப்ட் ஓடாததால் அந்த வழியாக ஏறினேன். சுவரைப் பார்த்து நின்றுகொண்டு, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, "நீலக் கவர். மேல் டிராயர். இல்ல, நீலம்... நீலம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கடந்து போவதற்குள் நான்கு முறை. குரலில் துளி எரிச்சல் இல்லை. காது மந்தமான அம்மாவாக இருக்கும், கவரில் மாத்திரை இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அன்றிலிருந்து அவர் மேல் ஒரு மரியாதை. யோசித்துப் பார்த்தால் இதுவும் அரைகுறையாகக் காதில் விழுந்ததை வைத்து நான் கட்டிய கதைதான். நல்லவிதமான கதை என்பதால் எனக்கு அது ஊகமாகவே தோன்றவில்லை.

போன வாரம் அவரே என் பக்கம் திரும்பினார். வேலை சம்பந்தமில்லாமல் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"என்னைப் பத்தி உங்ககிட்ட ஏதாவது கேட்டாங்களா?"

"இல்லையே மேடம்."

யோசிக்காமலே வந்துவிட்டது. அவர் மனம் நோகக் கூடாது என்றுதான் அப்படிச் சொன்னேன். அப்படித்தான் என்று நம்பப் பார்க்கிறேன்.

"சரி" என்றார். மேஜையில் கிடந்த பென்சிலை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டுத் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தெரிந்துகொண்டுதான் கேட்டாரா? பக்கத்து இருக்கைதான். இன்னும் நான் கேட்கவில்லை.