மீசைக்காரப் பெருமாளைப் பார்த்துவிட்டு மஸ்கட்டுக்கு

தெற்கிலிருந்து வளைகுடாவுக்குத் திரும்புகிறவர்களுக்குச் சென்னையில் ஒரு பகல் முழுசாகக் கையில் நிற்கும். ரயில் விடிகாலையில் எழும்பூரில் இறக்கிவிட்டுவிடும், விமானம் ராத்திரிக்குத்தான். சிலர் லாட்ஜில் படுத்துத் தூங்குவார்கள். சிலர் ரங்கநாதன் தெருவில் கடைசி நேரச் சாமான் வாங்குவார்கள். நான் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோயிலுக்குப் போய்விடுவேன். நான் ஓமனில் டிரெய்லர் ஓட்டுகிறவன். தேர் ஓட்டிய பெருமாளிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப மனசு வராது.

பெட்டிகளை ஸ்டேஷன் க்ளோக் ரூமில் போட்டேன். பூட்டு இல்லாத பையை அங்கே வாங்க மாட்டார்கள், அதனால் பூட்டு கையோடு இருக்க வேண்டும். வெயிட்டிங் ஹாலில் குளித்து, வேட்டிக்கு மாறி, ஆட்டோ பிடித்தேன். பகல் பன்னிரண்டரை மணிவாக்கில் நடை சாத்தினால் மறுபடி சாயங்காலம் நாலு மணிக்குத்தான் என்பதால், தென்பக்கத்து ஆட்கள் காலையிலேயே போய்விடுவது நல்லது. மாலை நேரத்து டிராஃபிக்கை நம்பி விமானத்துக்குக் கிளம்புவது எனக்குச் சரிப்படாது.

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே கைரவிணி புஷ்கரணி. இந்தக் குளத்தில் மீன் இருக்காது என்று சொல்வார்கள். படிக்கட்டுப் பக்கம் நின்று கும்பிட்டுவிட்டு உள்ளே போனேன்.

ஆழ்வார்கள் பாடிய நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று இது. பேயாழ்வார், திருமழிசை ஆழ்வார், திருமங்கை ஆழ்வார் மூவரும் பாடியிருக்கிறார்கள். பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு உள்ளேயே இருக்கிறது. சென்னைப் பட்டணம் உருவானதே 1639க்குப் பிறகுதான். அதற்கு எண்ணூறு வருஷத்துக்கு முன்பே இந்தப் பெருமாள் இங்கே நின்றுகொண்டிருக்கிறார். ஊரெல்லாம் பார்த்தசாரதி கோயில் என்றாலும், மூலவரின் திருநாமம் வேங்கடகிருஷ்ணன். பார்த்தசாரதி என்பவர் உற்சவர். சுமதி என்ற அரசன், கீதை சொன்ன கோலத்திலேயே கண்ணனைப் பார்க்க வேண்டும் என்று திருவேங்கடவனிடம் வேண்டிக்கொள்ள, அவர் இங்கே வரச் சொன்னார் என்பது தல வரலாறு.

வெள்ளிக்கிழமை என்பதால் வரிசை நீளம். எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மா ஒருவர், என் கையில் இருந்த துளசி மாலையைப் பார்த்து, "தம்பி, அதை மேலே தூக்கிப் பிடிச்சுக்கோப்பா, கூட்டத்துல நசுங்கிடும்" என்றார். எந்த ஊர் என்று கேட்டார். தென்காசிப் பக்கம், இன்றைக்கு ராத்திரி மஸ்கட் என்றேன். "அங்கே கோயில் உண்டோ?" என்றார். உண்டு என்றேன். மஸ்கட்டில் தார்சைத் என்ற பகுதியில் கிருஷ்ணன் கோயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை லோடு இல்லாமல் ஊரில் இருந்தால் போவேன். "அப்ப என்ன, அங்கேயும் இவன்தானே" என்று முடித்துவிட்டார்.

கருவறைக்கு முன்னால் வந்தபோது பட்டர் விளக்கை உயர்த்தினார். முதலில் திருவடி, பிறகு கையில் சங்கு, அப்புறம் முகம். "மீசையை நன்னா சேவிச்சுக்கோங்கோ" என்றார். கறுத்த திருமேனியில் அந்த மீசையைப் பார்த்ததும் எல்லோர் முகத்திலும் ஒரு சிரிப்பு வரும், எனக்கும் வந்தது. ஆளுயரத்தைத் தாண்டி நிற்கிற பெருமாள், கிராமத்துப் பெரிய மனுஷன் மாதிரி இருக்கிறார். கையில் சக்கரம் கிடையாது. பாரதப் போரில் ஆயுதம் எடுக்க மாட்டேன் என்று கொடுத்த வாக்குக்காக, இங்கே வெறும் சங்கோடு நிற்கிறார்.

விளக்கு பக்கவாட்டில் நகர்ந்தது. ருக்மிணிப் பிராட்டி, அண்ணன் பலராமர், சாத்யகி, மகன் பிரத்யும்னன், பேரன் அநிருத்தன். பட்டர் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே வந்து, "குடும்பத்தோட சேவை சாதிக்கிறார்" என்றார். பெண்டாட்டி, அண்ணன், பிள்ளை, பேரன் என்று ஒரு வீடே கருவறைக்குள் நிற்கிறது. முந்தின நாள் சாயங்காலம் ஸ்டேஷனில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் வீட்டாரை நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது, பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

உற்சவரிடம் வேறு மாதிரி. பார்த்தசாரதியின் திருமுகத்தில் தழும்புகள் உண்டு. பீஷ்மரின் அம்புகள் பட்ட வடு என்பது ஐதீகம். யோசித்துப் பாருங்கள், சண்டை அர்ஜுனனுக்கும் கௌரவர்களுக்கும். முன்னால் உட்கார்ந்து குதிரையைப் பிடித்தவர் முகத்தில்தான் அம்பு. திருமங்கை ஆழ்வார் 'பார்த்தன்தன் தேர்முன் நின்றானை' என்று பாடியிருப்பதை இந்த முகத்துக்கு முன்னால் நின்றுதான் கேட்க வேண்டும். மஸ்கட்டிலிருந்து சலாலா கிட்டத்தட்ட ஆயிரம் கிலோமீட்டர். ஆதம் தாண்டினால் தும்ரைத் வரைக்கும் பெரும்பாலும் மணல்தான், நடுவில் ஹைமா. ராத்திரியில் ஒட்டகம் குறுக்கே வந்தால் பிரேக் போடவும் யோசிக்க வேண்டும். பின்னால் முப்பது டன் தள்ளிக்கொண்டு வரும். அந்த ரோட்டில் என் வண்டி கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருப்பது இவர் படம்தான். வேண்டுதல் என்று பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. 'கிளம்புகிறேன்' என்று மட்டும் சொன்னேன்.

வேதவல்லித் தாயார் கோயிலை விட்டு வெளியே எழுந்தருள்வதில்லை. வெள்ளிக்கிழமையில் உள்ளேயே புறப்பாடு. அது சாயங்காலம் என்றார்கள், எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. சன்னதியில் சேவித்துவிட்டுப் பின்பக்கம் போனால், மேற்கு பார்த்த நரசிம்மர். அவருக்குத் தனிக் கொடிமரமே இருக்கிறது. பலபேர் முன்பக்கத்தோடு திரும்பிவிடுகிறார்கள். ராமர், ரங்கநாதர், கருடன்மேல் வரும் கஜேந்திர வரதர் என்று எல்லாச் சன்னதிக்கும் போகவேண்டும். அவசரமாகப் பார்க்கிற கோயில் இல்லை இது.

சர்க்கரைப் பொங்கல் வாங்கித் தூணோரம் உட்கார்ந்து சாப்பிட்டேன். நெய் விரலிடுக்கில் வழிந்தது. வெளியே வந்து வீட்டுக்கு போன் போட்டேன். "சாமிக்கு மீசையா?" என்று சின்னவள் நம்பவே இல்லை. அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்ல எனக்குத் தெரியவில்லை. கூட்டிக்கொண்டு வந்து காட்டுவதுதான் வழி.

இங்கே சித்திரையில் பார்த்தசாரதிக்கும், ஆனியில் நரசிம்மருக்கும் பிரம்மோற்சவம். சித்திரை என்றால் பிள்ளைகளுக்குப் பரீட்சையும் முடிந்திருக்கும், தேரும் பார்க்கலாம். கோடை லீவுக்கு எங்கள் கம்பெனியில் இப்போதிருந்தே அடிபிடி. அதனால் விமான நிலையத்தில் செக்-இன் முடித்துக் காத்திருந்தபோதே, அடுத்த லீவு ஏப்ரலில் வேண்டும் என்று ஃபோர்மேனுக்கு மெசேஜ் போட்டுவிட்டேன். 'முதலில் வந்து சேர், ஞாயிற்றுக்கிழமை துக்ம் லோடு இருக்கு' என்று பதில் வந்தது. அவர் முடியாது என்று சொல்லவில்லை.