வெள்ளை எடுத்துக்கொள்ளும், கறுப்பு விட்டுவைக்கும்: ஜெல் பிளேட்டில் படம் மாற்றிப் பார்த்த அனுபவம்

அச்சடித்த படத்தை ஜெல் பிளேட் வழியாக இன்னொரு தாளுக்கு மாற்றும் வேலையை பிப்ரவரியில் ஆரம்பித்தேன். இப்போது நவம்பர். ஒரு ஃபைல் நிறையத் தாள்கள் சேர்ந்துவிட்டன. எல்லாமே சட்டம் போட்டு மாட்டும் தரத்தில் இல்லை. ஆனால் இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பது பிடிபட்டுவிட்டது. பிடிபட்ட பிறகு படங்களும் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்திருக்கின்றன. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் செய்முறை. ஜெல் பிளேட் என்பது சுமார் 1 செ.மீ. கனத்தில், ஊடுருவிப் பார்க்கக்கூடிய, தொட்டால் அமுங்கும் ஒரு சதுரக் கட்டி. அதன்மேல் கொஞ்சம் கறுப்பு அக்ரிலிக் வண்ணத்தை விட்டு, ரப்பர் ரோலரால் மெல்லிசாக உருட்ட வேண்டும். ஈரம் காய்வதற்குள் ஒரு பத்திரிகைப் பக்கத்தையோ லேசர் பிரின்ட்டையோ குப்புறப் போட்டு, உள்ளங்கையால் தேய்த்து, உரித்துவிட வேண்டும். பிளேட்டில் படம் கறுப்பாக நிற்கும். அது நன்றாகக் காய்ந்ததும் மேலே ஒரு வெளிர் நிறத்தை உருட்டி, நல்ல தாளை வைத்து அழுத்தி, அது காய்ந்தபின் உரித்தால் இரண்டு அடுக்கும் ஒன்றாகத் தாளோடு வந்துவிடும். அவ்வளவுதான்.

இதில் பத்திரிகையின் மை பிளேட்டுக்கு இறங்குகிறது என்றுதான் பார்ப்பவர்கள் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பத்திரிகை மை பத்திரிகையிலேயே இருக்கிறது. பிளேட்டில் நிற்பது நாம் உருட்டிய வண்ணம். மை ஏறாத வெறும் தாள் ஈர வண்ணத்தை இழுத்துப் பிடித்து மேலே எடுத்துக்கொள்கிறது. மை ஏறிய இடத்தில் வண்ணம் ஒட்டுவதில்லை, அதனால் அங்கே அது பிளேட்டிலேயே தங்கிவிடுகிறது. உரித்த பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், புரியும். ஒரு பெண்ணின் முகம் என்றால் நெற்றியும் கன்னமும் கறுப்பு அப்பிக் கிடக்கும். தலைமுடியும் புருவமும் மட்டும் துடைத்துவிட்டது மாதிரி பளபளவென்று அப்படியே இருக்கும். அங்கிருந்து எடுக்கப்படாத கறுப்புதான் பிளேட்டில் முடியாகவும் புருவமாகவும் நிற்கிறது.

அதாவது வேலை செய்வது படத்தின் வெள்ளைப் பகுதி. இந்த ஒன்றை மனதில் வாங்கிக்கொண்டால் மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் தானாக வந்துவிடும்.

ஓர் இடத்தில் ஒட்டும், இன்னோர் இடத்தில் ஒட்டாது என்ற இந்தக் குணத்தை வைத்துத்தான் 1796-இல் அலோய்ஸ் செனெஃபெல்டர் கல்லச்சு முறையைக் கண்டுபிடித்தார். அங்கே எண்ணெய் மையும் தண்ணீரும் ஒன்றையொன்று ஒதுக்குகின்றன. சிவகாசியில் ஓடும் ஆஃப்செட் இயந்திரங்கள் இன்றும் அந்தத் தத்துவத்தில்தான் ஓடுகின்றன. அங்கே அச்சான பக்கத்தை என் மேஜைக்குக் கொண்டுவந்து, அதே குணத்தை இன்னொரு முறை பயன்படுத்துகிறேன் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

வெள்ளைதான் எடுக்கிறது என்றால், எந்தத் தாள் உதவாது என்பதும் தெரிந்துவிடும். பத்திரிகையின் மேலட்டையில் பெரும்பாலும் வார்னிஷ் அடித்திருப்பார்கள். வெள்ளை, கறுப்பு எல்லாம் ஒரே வழவழப்பு. எதுவுமே வண்ணத்தை எடுக்காது. லேமினேஷன் செய்த கல்யாணப் பத்திரிகையும் மாதக் காலண்டரும் அப்படித்தான். செய்தித்தாளில் இதற்கு நேர் எதிர்: மை தாளுக்குள் ஊறிப்போவதால் கறுப்பு இடமும் வண்ணத்தைக் குடித்துவிடும், போதாததற்கு ஈரத்தில் கிழிந்து பிளேட்டோடு ஒட்டிக்கொள்ளும். வழவழப்பான பத்திரிகையின் உள்பக்கங்கள்தான் சரி.

அதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிளேட்டுக்கு நிறம் தெரியாது. மை இருக்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். பளிச்சென்ற மஞ்சள் பின்னணியில் ஒரு நகை விளம்பரம் இருக்கிறது என்று வையுங்கள். நம் கண்ணுக்கு அந்த மஞ்சள் வெளிச்சம். பிளேட்டுக்கு அதுவும் மைதான், ஆகவே பின்னணி முழுக்க இருண்டு நிற்கும். சிவப்புப் புடவையும் நீல வானமும் ஒரே கறுப்பாகிவிடும். வெள்ளைப் பின்னணியில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் என்றால் கண்ணில் பட்டதும் கிழித்து வைத்துக்கொள்கிறேன். லென்ஸ் வைத்துப் பார்த்தால், வந்த படத்தில் அந்த அச்சின் புள்ளிகள்கூட ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. தாடையின் நிழலில் புள்ளிகள் நெருங்கி, கன்னத்தில் விலகி, நெற்றியில் காணாமல் போகும். அதைப் பார்த்துக்கொண்டே நேரம் போய்விடும்.

பத்திரிகைப் படம் அடுத்தவர் எடுத்த படம். பழகுவதற்குச் சரி. எனக்கு என் படங்கள்தான் வேண்டும் என்று தோன்றியதும் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். செட்டிநாட்டில் எடுத்த ஒரு வீட்டு வாசல்: சுண்ணாம்புச் சுவர், நடுவில் கறுத்த தேக்கு நிலை, மதிய வெயில்.

“அண்ணா, கான்ட்ராஸ்ட் நல்லா ஏத்திக் கொடுங்க.”

“ஏத்தினா கதவுல இருக்கிற வேலைப்பாடெல்லாம் போயிடும்மா.”

“கதவு போனாப் பரவாயில்லண்ணா, சுவர் வெள்ளையா வரணும்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடித்துக் கொடுத்தார். அந்தப் படம் அருமையாக வந்தது.

கடையில் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று: லேசர் மெஷினா, இங்க் டேங்க் பிரின்டரா? இப்போது பல கடைகளில் இங்க் டேங்க் வந்துவிட்டது. இங்க்ஜெட் மை தாளில் ஊறிவிடும், மேலே நிற்காது, அதனால் ஒதுக்கவும் செய்யாது. டோனர் அப்படி இல்லை. அது நுண்ணிய பிளாஸ்டிக் தூள். மெஷினுக்குள் சூட்டில் உருகித் தாளின்மேல் படலமாகப் படிகிறது. தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கறுப்பு மட்டும் லேசாக மினுங்கும். மினுங்கினால் வேலைக்காகும்.

இந்த இடத்தில் செஸ்டர் கார்ல்சனைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1938 அக்டோபர் 22 அன்று நியூயார்க்கின் அஸ்டோரியா பகுதியில் அவர் எடுத்த முதல் ஜெராக்ஸ் பிரதியும் இதைப் போன்ற ஒரு மாற்றுதான். கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டில் தூள் ஒட்டி நின்ற எழுத்தை, மெழுகுத் தாளை அழுத்தி எடுத்துக்கொண்டார். தகட்டில் நின்றதைத் தாளுக்கு மாற்றுவது, அவ்வளவே.

பிளேட்டைப் பற்றிச் சொல்லவில்லையே. முதல் பிளேட்டை நானே காய்ச்சினேன். ஜெலட்டின் தூள் 50 கிராம், கிளிசரின் 200 மில்லி, தண்ணீர் 200 மில்லி. கிளிசரினில் பாதியை எடுத்து ஜெலட்டினைக் கட்டியில்லாமல் குழைத்துக்கொண்டு, கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மெதுவாகக் கலக்கி, மீதிக் கிளிசரினைச் சேர்த்துத் தட்டில் ஊற்ற வேண்டும். வேகமாகக் கலக்கினால் நுரை வரும். ஊற்றியதும் ஒரு காகிதக் கீற்றால் மேலே இழுத்தால் குமிழிகள் ஓரத்துக்குப் போய்விடும். கிளிசரின் மருந்துக்கடையில் கிடைக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் பிரதியெடுக்க ஹெக்டோகிராஃப் என்ற கருவி இருந்தது. அதன் பரப்பும் இதே ஜெலட்டின், கிளிசரின் கலவைதான். ஜெலட்டின் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ எடுப்பது, வேண்டாம் என்பவர்கள் உண்டு. ஆனால் கடற்பாசியில் செய்யும் அகர் அகர் இதற்கு வளைந்துகொடுக்காது, அழுத்தினால் விண்டுபோகும்.

வீட்டுப் பிளேட் குளிர் மாதங்களில் நன்றாக உழைத்தது. சித்திரை வந்ததும் தளர ஆரம்பித்தது. அப்போது கடைப் பிளேட் ஒன்று வாங்கினேன். இவை பெரும்பாலும் மினரல் ஆயில் கலந்த செயற்கைப் பொருள், வெயிலுக்கு அசைவதில்லை. துடைக்க பேபி ஆயில் போதும். வழவழப்பான பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே சமமாக வைக்க வேண்டும், சொரசொரப்பான எதன்மேலும் வைத்தால் அந்தச் சொரசொரப்பு பிளேட்டில் பதிந்துவிடும்.

சென்னை வெயிலில் பெரிய சவால் பிளேட் அல்ல, வண்ணம் காயும் வேகம். வெளிநாட்டு வீடியோக்களில் அரை நிமிடம் நிதானமாகத் தேய்க்கிறார்கள். அக்னி நட்சத்திரத்தில் இங்கே அதற்கு நேரம் கிடையாது. ஃபேனை நிறுத்திவிட வேண்டும். விடியற்காலையில் செய்தால் நல்லது. பக்கத்தை முன்கூட்டியே வெட்டி இடது கையில் தயாராக வைத்துக்கொண்டுதான் ரோலரைத் தொடுகிறேன். வண்ணம் காய்வதைத் தாமதப்படுத்தும் அக்ரிலிக் ரிட்டார்டர் ஒரு துளி கலந்தால் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கிறது.

வண்ணத்தின் கனம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வெள்ளைத் தாள் ஒரு தடவையில் எடுக்கக்கூடிய அளவுக்குத்தான் வண்ணம் இருக்க வேண்டும். அதற்குமேல் இருந்தால் கன்னத்தில் பாதி நின்றுபோய் முகம் சேறாகிவிடும். அளவு பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன். பிளேட்டை ஒரு கண்ணாடித் தகட்டின்மேல் வைத்து, கண்ணாடிக்குக் கீழே அச்சடித்த தாள் ஒன்றைப் போட்டுவிடுவேன். கறுப்பு உருட்டிய பிறகும் கீழே இருக்கும் எழுத்தை மங்கலாகவாவது படிக்க முடிந்தால் சரியான கனம். காதும் சொல்லும். வண்ணம் அதிகமாக இருக்கும்போது ரோலர் சளசளவென்று ஈரமாகப் போகும். சரியான பதத்தில் சத்தம் அடங்கி மெல்லிய சரசரப்பு மட்டும் கேட்கும். ரோலர் ஒட்டி ஒட்டிப் பிரியும் சத்தம் வந்தால் காய ஆரம்பித்துவிட்டது, துடைத்துவிட்டு மறுபடி உருட்டுவதுதான் வழி. ஆம்ஸ்டர்டாம் என்ற அக்ரிலிக் வண்ண வரிசையின் ஆக்சைடு பிளாக் எனக்கு நன்றாக ஒத்துவருகிறது. அதில் கறுப்பு மெல்லிசாக இருந்தும் அழுத்தமாகத் தெரிகிறது.

இரண்டாவது அடுக்குக்கு வருவோம். முதல் படலம் முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். ரோலரை அழுத்தாமல், முன்னும் பின்னும் தேய்க்காமல், ஒரே போக்கில் ஓட்ட வேண்டும். அழுத்தித் தேய்த்தால் காய்ந்த படலம் இளகி ரோலரோடு வந்துவிடும். பிளேட்டில் முதலில் போட்டது தாளில் மேலே வரும், கடைசியில் போட்டது பின்னணியாகும். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியக்காரர்கள் கண்ணாடியின் பின்பக்கத்தில் கோட்டையும் நகையையும் முதலில் தீட்டிவிட்டு, பின்னணி நிறத்தைக் கடைசியில் பூசுவார்கள் அல்லவா, அதே வரிசை. ஆகவே கறுப்புக்கும் கடைசி வெளிர் நிறத்துக்கும் நடுவே வேண்டிய இடத்தில் வேண்டிய நிறத்தைத் தொட்டு வைக்கலாம். செட்டிநாட்டு வாசலில் கதவு வரும் இடத்துக்கு மட்டும் கொஞ்சம் பச்சை, படிக்கு மஞ்சள் காவி, காய்ந்தபின் எல்லாவற்றுக்கும் மேல் சந்தன நிறம். உரித்தபோது பச்சை அந்தக் கறுப்புக்கு அடியிலிருந்து தெரிந்தது.

தாள் வழவழப்பாக இருக்க வேண்டும். 150 ஜி.எஸ்.எம். கார்ட்ரிட்ஜ் தாள் போதும். புதுச்சேரிக் கைவினைக் காகிதம் எனக்கு உயிர், ஆனால் அதன் மேடுபள்ளத்தில் பள்ளங்கள் வண்ணத்தைத் தொடுவதே இல்லை, படம் பொத்தல் பொத்தலாக வருகிறது. தாளை வைத்ததும் கனமான புத்தகங்களை ஏற்றிவிட்டு வேறு வேலை பார்க்கலாம். உரிக்கும்போது தாளை மேலே தூக்காமல், மூலையிலிருந்து மடக்கிச் சாய்வாக இழுக்க வேண்டும். எங்காவது கறுப்பு பிளேட்டிலேயே நின்றால் தாளை அப்படியே திரும்பப் படியவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம் அழுத்தி வைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து ராத்திரி வைத்துக் காலையில்தான் உரிக்கிறேன். வெயிலில் ஓடி ஓடிச் செய்த முதல் அடுக்குக்கு இப்போது தாராளமாக நேரம் கிடைக்கிறது. முகங்கள் மழைக்காலத்தில்தான் நன்றாக வருகின்றன.

எழுத்து உள்ள படங்களுக்கு ஒரு நல்ல செய்தி. பிளேட்டில் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலமாகத் திரும்பும் படம், தாளுக்கு வரும்போது மறுபடியும் திரும்பிவிடுவதால் எழுத்து நேராகவே வரும். பழைய பத்திரிகைத் தலைப்புகளைப் பயப்படாமல் போடலாம்.

கோபுரம் மட்டும் இன்னும் வசப்படவில்லை. சுதைச் சிற்பங்கள் எல்லாம் நடுத்தரச் சாம்பல், வெள்ளை என்று சொல்ல இடமே இல்லை. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலை வானத்துக்கு எதிரே நிழலுருவாக எடுத்தது ஒரே தடவையில் இறங்கியது.

இந்த மாதம் செய்து பார்த்தது கோலம். போன மார்கழியில் தெருவில் எடுத்த படங்கள். தரை கறுப்பு, கோடு வெள்ளை. லேசர் பிரின்ட்டில் தரை முழுக்க டோனர், கோடு வெறும் தாள். அப்படியானால் தரை பிளேட்டில் நிற்கும், கோடு போன இடம் காலியாகும். இதற்குக் கறுப்பு எதற்கு என்று ரெட் ஆக்சைடை உருட்டினேன். காய்ந்தபின் மேலே வெள்ளை. உரித்தால் செம்மண் தரையில் வெள்ளைக் கோலம். தரையின் கரடுமுரடு பொடிப்பொடியாக விட்டுப்போயிருக்கிறது, கோலப்பொடி சிதறிய மாதிரியே இருக்கிறது. பெரிய கறுப்புப் பரப்பில் டோனர் சில இடங்களில் சீராக ஏறுவதில்லை, அங்கங்கே திட்டுத் திட்டாகச் சிவப்பு குறைகிறது. இரண்டு பிரதிகளை வெவ்வேறு மெஷினில் எடுத்துப் பார்த்ததில் வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது.

அடுத்து, பெரிய சிக்குக் கோலம் ஒன்றை நான்கு தாள்களாகப் பிரித்து எடுத்து ஒட்ட வேண்டும். நான்கிலும் சிவப்பு ஒரே கனத்தில் வர வேண்டும் என்பதால் வண்ணத்தை இனி கரண்டியால் அளந்து போடப் போகிறேன். மார்கழி பிறப்பதற்குள் முடிந்தால் படங்களோடு எழுதுகிறேன்.