பதினெட்டுச் சுற்று, இரண்டு கம்பி

கனடாவிலிருந்து வந்த மாமா, சொக்லேட்டுக்கும் காலுறைக்கும் நடுவே பொதிந்து எனக்கொரு வானொலி வால்வு, அதாவது கண்ணாடி வெற்றிடக் குழாய், கொண்டுவந்தார். 3-500இசட் என்பது அதன் பெயர். பற்றரி வன்னிக்குள் வராத காலத்தில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றிச் செய்தி கேட்டு வளர்ந்தவன் நான். இப்போது அமெச்சூர் வானொலி அனுமதிப்பத்திரம் கையில் இருக்கிறது; கிளிநொச்சி வீட்டு விறாந்தையில் ஒரு பெரிய அம்ப்ளிபயர் கட்டாமல் இருக்க முடியுமா?

இந்த வால்வில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வலையான கிரிட்டை எர்த் செய்துவிட்டு, சமிக்ஞையை இழைக்குள்ளேயே செலுத்துவார்கள். இலத்திரன்களை உமிழும் கதோட்டும் இழைதான். அதே இழைக்கு 5 வோல்ட்டில் 14.5 அம்பியர் கொடுத்துச் சூடாக்கவும் வேண்டும். சூடாக்கும் மின்னோட்டத்தை விட்டு, சமிக்ஞையை மட்டும் தடுக்கும் கம்பிச் சுருளான சோக் ஒன்று நடுவில் இல்லாவிட்டால் சமிக்ஞை இழையில் நிற்காமல் மின்மாற்றி வழியாக ஓடிவிடும். கடையில் கிடைக்கும் பொருள் அல்ல இது. நாமே சுற்ற வேண்டியதுதான்.

சுருளுக்குள் வைக்கும் பெரைட் என்ற காந்தப்பொருள் தண்டுக்கு எங்கே போவது? பழைய வானொலிகளின் வயிற்றுக்குள் மத்திய அலை வாங்கும் கறுப்புத் தண்டு இருக்கும் அல்லவா, அதில் நான்கு சேர்த்தேன். ஒன்று கைதவறிச் சீமெந்துத் தரையில் விழுந்து வெண்கட்டியைப் போல முறிந்தது. மிஞ்சிய மூன்றையும் முக்கோணமாக அடுக்கிப் பருத்தி நாடாவால் இறுகக் கட்டினேன்.

எனாமல் கம்பி, தண்ணீர்ப் பம்பு மோட்டர் சுற்றித் தரும் ஓர் அண்ணையின் கடையில் கிடைத்தது. இழைக்கான மின்மாற்றியையும் அவர்தான் சுற்றித் தந்திருந்தார். 14 கேஜ் கம்பி அன்று அவரிடம் முடிந்திருந்தது. அதைவிட மெல்லிய 16 கேஜ் போதும் என்று நானே முடிவெடுத்துக்கொண்டேன். அந்த அவசரத்துக்குப் பிறகு இரண்டு வாரம் வட்டி கட்டினேன்.

தடித்த கம்பியை நேரே பெரைட்டில் சுற்றினால் தண்டு முறியும். அதனால் அரை அங்குல இரும்புத் தண்ணீர்க் குழாயில் சுற்றினேன். கழற்றியதும் கம்பி சற்று விரியும், அதற்குள் தண்டுக்கட்டு போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு கம்பிகளின் நுனிகளையும் முற்றத்துப் பனையில் முடிந்தேன். மற்ற நுனிகளைக் குழாயில் மாட்டி, குழாயைச் சுருட்டியபடி பனையை நோக்கி அடியடியாக நடந்தேன். கம்பிகள் இரண்டும் தோளோடு தோள் உரசிப் படுக்க வேண்டும். இழைக்குப் போகும் மின்னோட்டம் ஒன்றில் போய் மற்றதில் திரும்புவதால் அவற்றின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துவிடும், தண்டு காந்தத்தால் நிரம்பிப் பயனற்றுப் போகாது; சமிக்ஞை மட்டும் இரண்டிலும் ஒரே திசையில் ஓடிச் சோக்கின் தடையைச் சந்திக்கும். பதினெட்டுச் சுற்று. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு ஐயா, "தம்பி, கிணற்றுப் பம்பு எரிந்துவிட்டதா?" என்று கேட்டார். ஆமென்று சொல்லிவிட்டேன். விளக்கத் தொடங்கினால் பனையடிக்குப் போய்ச் சேர இருட்டிவிடும்.

அளந்தபோது 28 மைக்ரோஹென்றி காட்டியது. 3.5 மெகாஹெர்ட்ஸில் சோக்கின் தடை 600 ஓமுக்கு மேல். வால்வின் உள்ளீடு ஏறத்தாழ 115 ஓம். ஐந்து மடங்கு தாண்டிவிட்டதே என்று மகிழ்ந்தேன். வால்வுப் பக்கத்தில் இரண்டு கம்பிகளுக்கும் குறுக்கே 0.01 மைக்ரோபரட் கொண்டன்சர், மின்மாற்றிப் பக்கத்தில் ஒவ்வொன்றிலிருந்தும் எர்த்துக்கு ஒன்று. மின்மாற்றி முனையில் 5.08 வோல்ட். எல்லாம் சரி.

ஆனால் அம்ப்ளிபயர் எழும்பவில்லை. எவ்வளவு உந்தினாலும் வால்வினூடாக ஓடும் அனோட் மின்னோட்டம் பாதியில் நின்றது. மாமா கொண்டுவந்தது பழைய வால்வு, உமிழும் சக்தி தீர்ந்துவிட்டது என்று தீர்ப்பெழுதினேன். ஒரு வாரம் வேறு வால்வு தேடி அலைந்தேன். அவரிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் பெரிய கவலை.

மின்மாற்றி சரியா என்று கேட்கத்தான் அண்ணையின் கடைக்குப் போனேன். அவர் ஒரேயொரு கேள்வி கேட்டார்: "மோட்டரின் முனையில் அளந்தீரா, சுவிட்சில் அளந்தீரா?"

வீட்டுக்கு வந்து, அனோட்டுக்கான 3000 வோல்ட் வழங்கியைச் சுவரிலிருந்தே பிடுங்கி, அதன் கொண்டன்சர்களை வடித்துவிட்டு, காற்றாடியை ஓடவிட்டு இழையை மட்டும் ஏற்றினேன். காற்றில்லாமல் இழையை எரித்தால் வால்வின் ஊசிகளில் உள்ள ஈயமே உருகிவிடும். சொக்கெட்டின் 1ஆம், 5ஆம் ஊசிகளில் மீற்றரை வைத்தேன். 4.69.

இந்த வால்வுக்கு 4.75க்குக் கீழே போகக் கூடாது. ஒவ்வொரு கம்பியும் 1.6 மீற்றர், போக வர அவற்றின் தடை 27 மில்லிஓம் அளவில் வரும். கேட்டால் அற்பமாகத் தோன்றும் அளவு. 14.5 அம்பியரால் பெருக்கினால் 0.39 வோல்ட் சோக்கிலேயே எரிகிறது. சோக்கைத் தொட்டுப் பார்த்தேன். விரலை வைத்திருக்க முடியவில்லை.

மின்மாற்றியின் பிரைமரியை, அதாவது வீட்டு மின்சாரம் நுழையும் சுற்றை, 220 வோல்ட் முனைக்கு மாற்றினால் ஊசியில் வோல்ட் ஏறிவிடும் என்றார் அண்ணை. உண்மைதான். ஆனால் மூடிய பெட்டிக்குள் அந்தச் சூட்டை வைக்க எனக்கு மனமில்லை. 14 கேஜ் வந்ததும் மீண்டும் பனையடிக்குப் போய் அதே பதினெட்டுச் சுற்றைச் சுற்றினேன். இம்முறை குழாயின் நுனியில் எனாமல் உரியாதபடி துணி சுற்றிக்கொண்டேன். இரண்டு கம்பிகளும் ஒட்டினால் மின்மாற்றி நேரே குறுக்குச் சுற்றாகிவிடும். வார்னிஷ் பூசி ஒரு நாள் வெயிலில் வைத்தேன். வன்னி வெயிலுக்கு அடுப்பு தேவையில்லை.

ஊசிகளில் 4.84. அனோட் மின்னோட்டம் வேண்டிய அளவுக்கு ஏறியது. வால்வுக்கு ஒரு குறையும் இல்லை, மாமாவுக்கும் சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. மாலையில் அயலெங்கும் பம்புகள் ஓடும்போது வீட்டு மின்சாரம் 222 வோல்ட்டுக்கு இறங்க, ஊசியில் 4.67 ஆனது. கடைசியில் அண்ணை சொன்ன 220 முனைக்குத்தான் மாற்றினேன். இப்போது மாலையில் 4.88. பம்புகள் நின்ற பிறகு, இரவு பத்து மணிக்கு, 5.06.