வட்டமாய் வெட்டின துணி

மீட்டிங் நடுவில் கட்டிங் மாஸ்டர் எழுந்தார். உள்ளங்கை அளவு வட்டத் துணி ஒன்றை மேசைமேல் வைத்தார்.

"180 ஜிஎஸ்எம் கேட்டீங்க. வந்திருக்கறது 165ங்க. வெட்டட்டுங்களா, நிறுத்தட்டுங்களா?"

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார்.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் அந்த வட்டம் தெரியாதவர் கிடையாது. ரவுண்ட் கட்டரில் 100 சதுர சென்டிமீட்டர் வெட்டி, தராசில் வைத்து, வரும் கிராமை 100ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பது. 1.65 கிராம் என்றால் 165. இதில் யார் என்ன வாதம் பண்ண முடியும்? முதலாளி அப்போதே துணி பின்னிக் கொடுத்த நிட்டிங்காரருக்குப் போன் போட்டார்.

இதே துணியைப் பற்றி நேற்றே முதலாளியிடம் நான் சொல்லியிருந்தேன்.

"சார், துணி கொஞ்சம் லேசா இருக்கற மாதிரி தோணுதுங்க... எனக்குத்தான் அப்படித் தெரியுதோ என்னமோ..."

அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. எட்டு வருஷமாக ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசர் நான்! (இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.)

நம்ம ஊர் 'ங்க'தான் என் பேச்சை இறக்கிவிடுகிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். மாஸ்டர் பேச்சில் நாலு 'ங்க' இருந்தது. ஒன்றுகூடக் கெஞ்சவில்லை.

டீ குடிக்கும்போது அவரிடமே சொன்னேன். சிரித்தார்.

"தராசுல வெச்சுப் பாக்காம போயிருந்தா எனக்கும் வாய் வராது அம்மிணி."

நாளைக்குச் சாயம் போடும் டையிங்காரரிடம் ஷேட், அதாவது நிறம், மாறினதைப் பேச வேண்டும். சரி, துணி வாங்கும் பையர் ஒப்புக்கொண்ட நிற மாதிரி ஒட்டின லேப் டிப் அட்டையை இப்போதே பையில் எடுத்து வைத்துவிட்டேன்.