ஐம்பதால் பெருக்கிப் பார்த்த லாரி

ஏழு மாதமாக என் மேசையை அடைத்துக்கொண்டிருந்த டிப்பர் லாரி மாடல் போன வாரம்தான் அலமாரிக்குப் போனது. மொத்த நீளம் 16 செ.மீ. ஒரு சாண்கூட வராது. இத்தனூண்டு சாமானுக்கு ஏழு மாதமா என்று வீட்டில் கேட்டார்கள். பதில் இருந்தது, ஆனால் சொல்லி முடிக்க அரை மணி நேரமாவது ஆகும் என்பதால் சிரித்து மழுப்பிவிட்டேன். அதை இங்கே சொல்கிறேன்.

டைகாஸ்ட், அதாவது உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்த குட்டி வண்டிகள், சேர்க்க ஆரம்பித்தது எல்லாரையும் போலத்தான். முதலில் ஹாட் வீல்ஸ், மேட்ச்பாக்ஸ் கார்கள். அப்புறம் அதே வரிசையில் கிடைத்த லாரிகள். 1:64, அதாவது நிஜத்தில் 64-ல் ஒரு பங்கு, என்று பொதுவாகச் சொல்லிக்கொள்வோமே தவிர, இந்தச் சின்ன வண்டிகள் பெரும்பாலும் விற்கும் அட்டையில் அடங்கும் அளவுக்குச் செய்யப்படுபவை. ஒரு நாள் எல்லாவற்றையும் வரிசையாக நிறுத்தினேன். ஒரு குப்பை லாரியும் ஒரு குட்டிக் காரும் கிட்டத்தட்ட ஒரே நீளம், ஏழு செ.மீ. லாரியைத்தான் அதிகமாகச் சுருக்கியிருக்கிறார்கள். கார் பிரியர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. லாரி பைத்தியத்துக்கு உறுத்தும். எனக்கு உறுத்தியது.

அதனால் 1:50-க்கு மாறினேன். கட்டுமான இயந்திரங்களும் ஐரோப்பிய லாரிகளும் அதிகம் வரும் ஸ்கேல் இது. கணக்கும் சுலபம்: நிஜத்தில் ஒரு மீட்டர் என்றால் மாடலில் 2 செ.மீ. எதைப் பார்த்தாலும் ஐம்பதால் பெருக்கும் பழக்கம் அப்போதுதான் தொற்றியது. இந்த ஏழு மாதத்தில் பாதியைத் தின்றது அந்தப் பழக்கம்தான்.

நான் எடுத்த வண்டி, டிரெய்லர் இழுக்கும் தலை மட்டும். இரண்டு அச்சு, வெள்ளை கேபின், இரண்டாம் கை. பின்னால் வருவதைப் பார்க்கும் பக்கக் கண்ணாடி ஒன்று உடைந்து போயிருந்தது, கதவோரம் பெயிண்ட் உரிந்திருந்தது. உடையாத, பெட்டியோடு இருக்கும் மாடலைப் பிரித்து மேய்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அடிபட்டது என்றால் கை கூசாது. ரொம்பப் பழைய மாடலாக இருந்தால் மட்டும் இன்னொன்று பார்க்க வேண்டும். டைகாஸ்ட் என்பது துத்தநாகக் கலவை. ஜமாக் என்பார்கள், துத்தநாகம், அலுமினியம், மக்னீசியம், செம்பு ஆகியவற்றின் ஜெர்மன் பெயர்களில் முதலெழுத்துகளைக் கோத்து வந்த பெயர். அதில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டாலும் வருடக்கணக்கில் உள்ளுக்குள்ளேயே அரித்து, விரிசல் விட்டு, உப்பி, கடைசியில் கையில் உதிரும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கி டாய்ஸ் பல அப்படித்தான் போயின. அதற்கு மருந்து கிடையாது. என்னுடையது அவ்வளவு வயதானதில்லை. அடிப்பக்கம் விரிசல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன்.

திட்டம் இதுதான்: இரண்டு அச்சை மூன்றாக்கி, சேசிஸை நீட்டி, பின்னால் தொட்டி கட்டி, மண் அள்ளும் டிப்பராக மாற்றுவது.

முதலில் ரிவெட். கேபினையும் சேசிஸையும் சேர்த்துப் பிடித்திருக்கும் அந்த உலோகப் பொட்டின் தலையை மட்டும் துளைத்து எடுக்க வேண்டும். பலர் முதல் மாடலை இங்கேதான் கெடுக்கிறார்கள். நான் இதற்கு முன்னால் ஒன்றைக் கெடுத்திருக்கிறேன், துரப்பணம் வழுக்கிக் கதவு வரை கீறிவிட்டது. இந்த முறை நடுவில் பஞ்ச் வைத்து ஒரு குழி போட்டு, 1.5 மி.மீ. துளை, அப்புறம் 3 மி.மீ. பிட்டால் மெதுவாக. தலை வளையமாகக் கழன்று பிட்டோடு சுற்ற ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும். மிஞ்சும் தூணில் 1.6 மி.மீ. துளையிட்டு எம்2 (2 மி.மீ. திருகுக்கான) மரை வெட்டினால் அடுத்த முறை திருகால் மூடலாம். ஒரு சொட்டு எண்ணெய், அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால். அவசரப்பட்டு முழுச் சுற்று சுற்றினேன். மரை வெட்டும் டேப் உள்ளேயே முறிந்தது. அந்தத் தூணில் இன்றுவரை திருகு இல்லை, பசைதான்.

பெயிண்டை எடுக்கக் காஸ்டிக் சோடாவில் ஊறவை என்று ஒரு யோசனை அடிக்கடி காதில் விழும். வேண்டாம். அது பெயிண்டோடு நிற்காது, துத்தநாகத்தையும் தின்னும். ஹைட்ரஜன் வேறு கிளம்பும். நான் அசிட்டோன் பயன்படுத்தினேன்: கண்ணாடி ஜாடி, திறந்த ஜன்னல், கையுறை, பக்கத்தில் நெருப்பு கூடாது. இரண்டு மணி நேரத்தில் பெயிண்ட் பாம்புச் சட்டை மாதிரி கழன்று மிதந்தது. கேபினை வெளியே எடுத்தபோதுதான் வயிற்றைக் கலக்கியது. பிளாஸ்டிக் எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன் என்று நினைத்திருந்தேன். கூரைக்கு உள்பக்கம் ஒட்டியிருந்த முன் கண்ணாடி அங்கேயே இருந்திருக்கிறது. வெளுத்து, சுருண்டு, பழைய பாலிதீன் பை மாதிரி ஆகிவிட்டது. சரி, கண்ணாடியைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தேன்.

சேசிஸ் வேலை எனக்குப் பிடித்தது. நிஜ வண்டியைப் பக்கவாட்டில் எடுத்த படத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். சக்கரத்தின் விட்டம் தெரிந்தால் மற்றதெல்லாம் தெரிந்துவிடும். 295/80 ஆர்22.5 என்ற அளவு லாரி டயர் ஏறக்குறைய 1,044 மி.மீ. உயரம், மாடலில் 21. அதை அளவுகோலாக வைத்து மற்றதை அளந்தால், முன் அச்சுக்கும் முதல் பின் அச்சுக்கும் நடுவே 84 மி.மீ., இரண்டு பின் அச்சுகளுக்கும் நடுவே 27. என்னிடம் இருந்ததில் அச்சு இடைவெளி 74. பத்து மி.மீ. ஒட்டுப் போட வேண்டும். நகை வேலைக்கான மெல்லிய ரம்பத்தால் அறுத்து, இரண்டு முனையிலும் துளையிட்டு, பித்தளைக் கம்பி செருகி, எபாக்ஸி (இரண்டு பாகம் கலந்து ஒட்டும் பசை) வைத்து இரவு முழுக்க விட்டேன். வெறும் சூப்பர் குளூ இந்த இடத்தில் நிற்காது. நேராக இழுத்தால் தாங்கும், பக்கவாட்டில் தட்டினால் பட்டென்று விட்டுவிடும்.

காலையில் மேசைமேல் வைத்தால் லாரி ஆடுகிறது. இடது பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு தாள் தாராளமாக நுழைகிறது. அளந்தேன், அரை மி.மீ. அரைதானே என்று விடலாம். ஐம்பதால் பெருக்கினால் 25 மி.மீ. நிஜ லாரி ஒன்று இரண்டரை செ.மீ. அந்தரத்தில் ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு சமதரையில் நிற்குமா? சேசிஸைச் சுடுதண்ணீரில் போட்டேன். எபாக்ஸி இளகியது. திருகிப் பிரித்து, இந்த முறை தடித்த கண்ணாடித் துண்டின்மேல் அழுத்தி வைத்து மறுபடி ஒட்டினேன்.

தொட்டிக்கு 0.5 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடு. உள்ளளவு 100-க்கு 46 மி.மீ., உயரம் 28. நிஜத்தில் 16 கன மீட்டர் மண். வெட்டி ஒட்டியதும் பார்க்க ஜோராக இருந்தது. ஒரு நாள் கழித்துப் பார்த்தபோது ஏதோ பொம்மைத்தனம் தெரிந்தது, என்னவென்று புரியவில்லை. மேல் விளிம்பில் விரல் வைத்தபோது புரிந்தது. அரை மி.மீ. தகடு என்றால் 25 மி.மீ. இரும்பு. எந்த டிப்பருக்கும் அவ்வளவு கனத்தில் தகடு போட மாட்டார்கள். பீரங்கி வண்டிக்குப் போடலாம். நிஜத்தில் 6 மி.மீ. என்று வைத்தால் மாடலில் 0.12 வேண்டும். அதில் தொட்டி கட்டினால் மூச்சுக்காற்றுக்கே மடங்கிவிடும்.

ஏமாற்ற வேண்டியதுதான். கண் பார்ப்பது விளிம்பை மட்டும். உள்பக்கமிருந்து மேல் விளிம்பை அரத்தால் சாய்வாகச் சீவி, பிறகு 600 எண் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டே வந்தேன். ஓரம் தாள் மாதிரி மெலியும் வரை. நான்கு பக்கத்துக்கும் மூன்று மாலைப்பொழுது ஓடியது. வெளிப்பக்கம் நெடுக ஒன்றரை மி.மீ. பட்டையில் விலாக்கள். விலா தகட்டோடு சேரும் இடத்தில் வெல்டிங் தழும்பு வேண்டும். பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்திச் சூட்டில் காட்டி இழுத்தால் முடி போல நூல் வரும். அதை ஒட்டி, கரைப்பான் தடவி இளக்கி, நகத்தால் குறுக்கே தட்டிக்கொண்டே போனால் தழும்பு விழுகிறது. பெயிண்ட் ஏறியபின் அது தெரிகிறதா? விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெரிகிறது. நான் சாய்த்துப் பிடிக்கிறேன்.

தொட்டியைத் தூக்கும் ஜாக்கி, ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மூன்று பித்தளைக் குழாய்கள். அதிகம் படுத்தவில்லை.

பெயிண்ட் படுத்தியது. ப்ரைமர், நிறம், மேல்பூச்சு எல்லாம் சேர்ந்து 0.1 மி.மீ. வந்தால் நிஜ லாரிமேல் 5 மி.மீ. பெயிண்ட். கதவுக்கோடு, கிரில், பிடிகள் எல்லாம் அதில் முழுகிவிடும். முதல் முறை ஸ்பிரே டப்பாவில் ஆரஞ்சு அடித்தேன். ஓரிடத்தில் மெலிதாகத் தெரிந்ததால், அடித்தது பாதி காய்ந்திருக்கும்போதே இன்னொரு கோட். கண்ணெதிரே கேபின் கூரை கிழவியின் கன்னம் மாதிரி சுருங்கியது. திரும்பவும் அசிட்டோன் ஜாடி. இரண்டாம் முறை ஏர்பிரஷ் (காற்றால் பெயிண்டைத் தூவும் பேனா போன்ற கருவி) எடுத்தேன். அதில் ஒரு லாபம், நிறத்தை நானே கலக்கலாம். நிஜ லாரியின் நிறத்தை அப்படியே சின்ன மாடலில் அடித்தால் கண்ணைக் குத்தும். பத்துக்கு ஒரு பங்கு வெள்ளை கலந்தால் தூரத்தில் நிற்கும் வண்டி மாதிரி அடங்கித் தெரியும். மாடல்காரர்கள் பலர் இதைச் செய்கிறார்கள். வேண்டாம் என்பவர்களும் உண்டு. நான் கலக்கும் கட்சி.

கதவில் பெயர் எழுத நீர் டீக்கால், தண்ணீரில் நனைத்து நகர்த்தி ஒட்டும் மெல்லிய படலம். வெள்ளை எழுத்துதான் ஆசை, ஆனால் சாதாரண பிரிண்டரில் வெள்ளை மை கிடையாது. கறுப்புக்கு ஒத்துக்கொண்டேன். இன்க்ஜெட்டில் அச்சடித்த தாளுக்கு மேல்பூச்சு அடிக்காமல் தண்ணீரில் போட்டால் மை கரைந்து ஓடும், எனக்கு ஓடியது. இன்னொன்று, மேட் (பளபளப்பில்லாத) பரப்பின்மேல் டீக்கால் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி மாதிரி மினுங்கும். முதலில் பளபளப்பு வார்னிஷ், அதன்மேல் டீக்கால், கடைசியில் மேட்.

அடுத்து அழுக்கு. முதலில் எனக்குத் தோன்றியதைச் செய்தேன்: தொட்டிக்குள் துரு. அப்புறம் வேலையில் இருக்கும் டிப்பர்களின் படங்களைப் பார்த்தேன். தினமும் மண்ணும் ஜல்லியும் உரசிக்கொண்டு சரியும் தொட்டியின் தரை துருப்பிடிக்காது. தேய்ந்து வெள்ளிபோல மின்னும். துரு இருந்தால் அந்த வண்டி சும்மா நிற்கிறது என்று அர்த்தம். துருவைத் துடைத்து, பென்சில் கரியை விரலில் தொட்டுத் தரை முழுக்கத் தேய்த்தேன். அசல் இரும்பு. வெளியே மட்கார்டுக்குப் பின்னால், ஏறும் படியில், சக்கரத்துக்கு உள்பக்கம் மட்டும் மண் நிறத் தூள். ஜாக்கியின் மூட்டில் கறுப்பு எண்ணெய்ப் பெயிண்ட் ஒரு புள்ளி, கிரீஸ். தூளிலும் ஒரு சங்கடம்: ஒரு குருணை அரை மி.மீ. இருந்தால் அது 25 மி.மீ. கல், கதவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நைலான் துணியில் இரண்டு முறை சலித்தேன்.

கடைசியாக அந்த முன் கண்ணாடி. வேறொரு மாடல் வந்த பெட்டியில் தெளிவான பிளாஸ்டிக் ஜன்னல் இருந்தது. அதிலிருந்து வெட்டி, வளைத்து, சூப்பர் குளூவால் ஒட்டினேன். மறுநாள் கண்ணாடி முழுக்கப் பனி மூடியிருக்கிறது. அந்தப் பசையின் ஆவி தெளிவான பிளாஸ்டிக்கின்மேல் வெள்ளையாகப் படியும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன், ஒரு சொட்டுதானே என்று. பிய்த்து எறிந்துவிட்டு மறுபடி வெட்டினேன். இந்த முறை பி.வி.ஏ. பசை, மரவேலைக்கான வெள்ளைப் பசைதான், காய்ந்தால் கண்ணாடிபோலத் தெளியும், ஆவி கிடையாது.

அலமாரியில் வண்டியை நேரடியாக பிளாஸ்டிக் பலகைமேல் நிறுத்தவில்லை. மென்மையான பி.வி.சி. டயரிலிருந்து கசியும் எண்ணெய்த்தன்மை ஸ்டைரீனை இளக்கி, வருடம் கழித்து டயர் பலகையோடு ஒட்டிக்கொள்ளும். சின்ன மரக்கட்டைகள் இரண்டை அச்சுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருக்கிறேன். கேட்பவர்களிடம் டயர் மாற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம்.

உடைந்த பக்கக் கண்ணாடிக்கு 0.4 மி.மீ. பித்தளைக் கம்பியை வளைத்துக் கை செய்தேன். ஐம்பதால் பெருக்கினால் 20 மி.மீ., சரியான கனம். முகத்துக்குச் சாக்லேட் சுற்றி வரும் வெள்ளித்தாள். வலது பக்கத்தில் இருப்பது கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் கை, 1.2 மி.மீ. கனம். அதைப் பெருக்கிப் பார்த்தபிறகு இரண்டு நாளாக ரம்பம் மேசைமேல்தான் இருக்கிறது.